பத்தாவது பெயர்

கணேசமூர்த்திக்குக் குரல் ஒரு சொத்து. வக்கீல் ஆபீசில் அவர் வெறும் கிராணிதான், கணக்கெழுதும் குமாஸ்தா. ஆனால் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டால் ஆளே மாறிவிடுவார். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் தங்குதடையில்லாமல் வரும். அதனால்தான் காஜா பெராங் வட்டாரத்து இளைஞர் சங்கத்தார் ‘சமாதான நடை’ என்று ஒன்றை ஏற்பாடு செய்தபோது வழிகாட்ட வேறு ஆளைத் தேடவில்லை. அவர் இரண்டு முறை முடியாது என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். எதையும் முதல் தடவையே ஒப்புக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்பது அவருடைய எண்ணம். ஊருக்கும் அது பழகிப்போய்விட்டது.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் செத்தவர்களுக்காக ஊரில் அங்கங்கே கல் நிற்கிறது, நம் பிள்ளைகள் ஒருநாளாவது நடந்து போய் நின்று பார்க்க வேண்டாமா என்று சங்கத்தார் கேட்டார்கள். பாடாங் திடல் ஓரத்து நினைவுக்கல்லில் தொடங்கி, புக்கிட் சீனா குன்றின் அடிவாரத்துச் சீனர் நினைவுத்தூணுக்குப் போய், கடைசியாக காஜா பெராங்கில் சங்கமே எழுப்பியிருந்த சின்ன சிமெண்டுத் தூணில் முடிப்பதாகத் திட்டம். அந்தத் தூணில் பெயர் ஏதும் கிடையாது. ‘சமாதானம்’ என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

அவரைக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் ஒன்பது பேர் உயிரைக் காப்பாற்றிய கிராணி என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது சைக்கிள் கடை சேதுபதி. அந்த ஒன்பதில் ஒருவன் அவன். யார் சைக்கிள் பஞ்சரானாலும் இந்தக் கதையைக் கேட்காமல் டயரை வாங்கிக்கொண்டு போக முடியாது.

கதை இதுதான். நாற்பத்து மூன்றாம் வருஷம் கணேசமூர்த்தி ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. விடியற்காலையில் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் ‘ஐயா’ என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தவனுக்குத்தான் அன்றைய வேலை, அன்றைய அரிசி. சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், பெயர் எழுதி வை, லாரி வரும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். சின்னக் கிராணி ஒரு தந்திரம் செய்தார். ஏற்கெனவே பயந்து தோட்டத்தை விட்டு ஓடிப்போயிருந்தவர்களின் பெயர்களாகப் பார்த்து எழுதி வைத்தார். லாரி வந்தது. பெயரைக் கூப்பிட்டால் ஒருவனும் இல்லை. ஓடியவர்கள் எங்கே என்று கேட்டுக் கிராணிக்கு நாலு அறை விழுந்தது, அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஓடிப்போன ஒன்பது பேரும் சண்டை முடிந்ததும் உயிரோடு திரும்பி வந்தார்கள்.

இப்படித்தான் சேதுபதி சொல்வான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் அன்றைக்குத் தோட்டத்தில் இல்லை, தம்பின் பக்கம் ஒரு கம்போங் கிராமத்தில் மரவள்ளி நட்டுக்கொண்டு ஒளிந்திருந்தான்.

ஜப்பான்காரன் கேட்டது ஒன்பது பேர் இல்லை. பத்துப் பேர். கணேசமூர்த்தி எழுதியதும் பத்துப் பெயர். பத்தாவது சுப்பையன். அவனும் ஓடிப்போனவன்தான், ஆனால் லாரி வந்த அன்று விடியற்காலையில் திரும்பி வந்து பெரட்டில் நின்றுவிட்டான். அவனை ஏற்றிக்கொண்டு லாரி போனது. சயாமில் வாந்திபேதியில் செத்தான் என்று பிறகு சேதி வந்தது. சுப்பையன் அகப்பட்டுக்கொண்டான், பாவம் என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் பேசினார்கள். பட்டியலில் அவன் பெயர் இருந்தது எழுதியவருக்கு மட்டும் தெரியும். ஒன்பது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் திருத்த வாய் வரும். கணேசமூர்த்தி அதை மென்று முழுங்கிவிடுவார். பதினாறு வருஷத்தில் முழுங்குவது சுலபமாகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாடாங்கில் முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். கணேசமூர்த்தி வெள்ளைக் கால்சட்டையும் புதுச் சப்பாத்துமாக வந்திருந்தார். பெயர் எழுதிக்கொள்ள நோட்டும் கையுமாக மரியம் டீச்சர் வந்திருந்தாள், சீனப் பள்ளி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சேதுபதி ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வேகமாக வந்தான்.

“கிராணி ஐயா, இது யாருன்னு பாருங்க. நம்ம தோட்டத்து ஆளு. போன மாசந்தான் காஜா பெராங்குக்கு வந்தாங்களாம். எனக்கே நேத்துதான் தெரியும்.”

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

“என்னத் தெரியுதுங்களா ஐயா? எட்டாவது லயத்து வீடு. சுப்பையன் சம்சாரம், ருக்மணி.”

தெரிகிறது என்று தலையசைத்தார்.

முதல் கல்லின் முன்னால் அன்று அவர் பேசியது பேச்சே இல்லை. சண்டை தொடங்கிய வருஷத்தையே தப்பாகச் சொன்னார். மரியம் டீச்சர் திருத்தினாள். மலாயில் சொன்னதையே மறுபடி மலாயில் சொன்னார். வெயில் ஏறிவிட்டது, ஐயாவுக்கு முடியவில்லை போல என்று யாரோ குடையைப் பிடித்தார்கள். மணி எட்டரைகூட ஆகவில்லை.

புக்கிட் சீனாவுக்கு நடக்கும்போது ருக்மணி அவர் பக்கத்திலேயே வந்தாள். அவர் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். கித்தா மரம் சீவி ரப்பர் பால் சுமந்த கால், அவளோடு போட்டி போட இவரால் முடியுமா.

“சேதுபதி சொன்னாரு ஐயா, நீங்க ஒம்போது பேர காப்பாத்துனத. எனக்கு இது தெரியவே தெரியாது. நான் அப்ப பச்ச ஒடம்புக்காரி, லயத்த விட்டு வெளிய வரல. கொஞ்ச நாள்லயே ஜாசின் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்.”

“ம்.”

“அவரும் ஓடிப்போனவருதானுங்களே. அப்படியே இருந்திருந்தா அந்த ஒம்போது பேரோட அவரும் பொழச்சிருப்பாரு. நான்தான் கெடுத்தேன்.”

கணேசமூர்த்தி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

“நீங்க என்ன கெடுத்தீங்க?”

“புள்ள பொறந்திருக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னு ஆள் விட்டது நான்தானுங்க. ராத்திரியெல்லாம் நடந்து விடியறதுக்குள்ள வந்துட்டாரு. புள்ளைய மடியில வச்சிருந்தாரு, கொஞ்ச நேரம். பெரட்டு மணி அடிச்சிச்சு. வீட்டுல ஒரு பிடி அரிசி இல்ல. வந்ததுதான் வந்தீங்க, போய் நின்னு பேர் குடுத்துட்டு அரிசிய வாங்கிக் குடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். அவரு யோசிச்சாரு. நான்தான் போகச் சொன்னேன்.” அவள் அழவில்லை. பலமுறை தனக்குள் சொல்லித் தேய்ந்த பேச்சாக அது இருந்தது. “லாரிக்காரன் கண்ணுல கண்டவன புடிச்சிட்டுப் போயிட்டான். யாரக் குத்தம் சொல்றது.”

“ஆமா,” என்றார் கணேசமூர்த்தி. அந்த ‘ஆமா’வுக்காக அந்த இடத்திலேயே தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

“நான் சூசாப்பட்டு அல்லாடினது போகட்டும் ஐயா. மகள நெனச்சாத்தான் மனசு ஆறல. மல்லிகாவுக்குப் பதினாறு வயசு, தையல் கடையில வேல. ஒருநாள் கோவத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன், உன்னப் பாக்க வந்துதான்டி உங்கப்பா போனாருன்னு. அப்ப அவளுக்கு எட்டு வயசு. அன்னையிலேர்ந்து பொறந்த நாளு வந்தா அவ சோறு திங்க மாட்டா. கோயிலுக்குக் கூப்புட்டாலும் வர மாட்டா. சும்மா சுவரப் பாத்து உக்காந்திருப்பா.”

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

புக்கிட் சீனா அடிவாரத்தில் சீன மாணவர்கள் வரிசையாக நின்று மூன்று முறை குனிந்து வணங்கினார்கள். கணேசமூர்த்தி ஜப்பான்காரன் காலத்தில் கொல்லப்பட்ட சீனர்களைப் பற்றிச் சொன்னார். இந்தத் தடவை குரல் சரியாக வந்தது. அடுத்தவன் செய்த பாவத்தைப் பற்றிப் பேசுவதென்றால் யாருக்குத்தான் குரல் வராது. சமாதானம் என்பது மறப்பது இல்லை, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்வது என்று இங்கிலீஷில் அழகாக ஒரு வாக்கியம் சொன்னார். மரியம் டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்றார்.

ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் வழியாக வந்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நிழலுக்கு நின்றார்கள். உள்ளே மணி அடித்தது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், ருக்மணியும் போனாள். கணேசமூர்த்தி சேதுபதியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“சேது, கடைசி எடத்துல அந்தக் கத வேணாம்.”

“எந்தக் கத?”

“ஒம்போது பேரு கத.”

சேதுபதி சிரித்தான். “ஆரம்பிச்சிட்டீங்களா ஐயா. உங்களுக்கு எல்லாத்தையும் மூணு தடவ கேக்கணும்.”

“இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன். வேணாம்.”

“சரி, ரெண்டாவது தடவையும் ஆச்சு,” என்று அவன் கணக்கை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். இத்தனை வருஷமாக அவர் வளர்த்த பிகு அன்று அவர் கழுத்துக்கே சுருக்காகிவிட்டது.

வயிற்று வலி என்று சொல்லி ஒரு திரிஷா வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தார். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். திரிஷாக்காரன் எதிரிலேயே நின்றிருந்தான், இவரைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பவும் செய்தான். கணேசமூர்த்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வயதுப் பிள்ளை சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் நின்றது. அந்தப் பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை. வேண்டாம் என்று திரிஷாக்காரனுக்குக் கையசைத்துவிட்டு நடந்தார்.

காஜா பெராங் வந்து சேரும்போது மணி பதினொன்றரை. தூணைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். கால் வலித்த சிலர் புல்லில் உட்கார்ந்தார்கள். சேதுபதி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். இந்தக் கல்லில் யார் பேரும் இல்லை, ஆனால் ஒன்பது பேருடைய பெயர் கல்லில் ஏறாமல் பார்த்துக்கொண்ட மனுஷர் இதோ நிற்கிறார் என்று சொன்னான். நன்றாகத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அது. எல்லாரும் கை தட்டினார்கள். ருக்மணியும் தட்டினாள்.

“மூணாவது தடவ கேக்குறேன் ஐயா, சொல்லுங்க,” என்றான்.

கணேசமூர்த்தி முன்னால் வந்து நின்றார். மலாயில் தொடங்கினார், நிறுத்தினார். பிறகு தமிழில் சொன்னார்.

“ஒம்போது இல்ல. பத்து.”

சேதுபதி தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“ஜப்பான்காரன் பத்துப் பேரு கேட்டான். நான் பத்துப் பேரு எழுதுனேன். எல்லாரும் ஓடிப்போனவங்கதான். யாரும் அகப்பட மாட்டாங்கன்னுதான் எழுதுனேன், அது சத்தியம். பத்தாவதா எழுதுன பேரு சுப்பையன்.”

அவர் ருக்மணியைப் பார்த்துத்தான் பேசினார். மற்றவர்கள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரர லாரிக்காரன் கண்டபடி புடிக்கலம்மா. லாரி வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே அவரு பேரு என் தாள்ல இருந்துச்சு. நீங்க ஆள் விட்டதுக்கு முந்தியே.”

ருக்மணி ஓர் அடி முன்னால் வந்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட பாதிப் பாரம் இறங்கியிருக்கும். ஊரும் அவரை மன்னித்திருக்கும். நல்லெண்ணத்தில் எழுதினார், விதி வேறு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். பதினாறு வருஷமாகத் தனக்குத் தானே அவர் சொல்லிக்கொண்டதும் அதுவரைக்கும்தான். அதற்கு மேல் நினைவு போனால் எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வார்.

“இன்னும் இருக்கு,” என்றார். “அன்னைக்குக் காலையில அவரு வரிசையில நிக்கிறத நான் பாத்துட்டேன். கடைசி ஆளா நின்னாரு. என்னப் பாத்து லேசா சிரிச்சாரு. தாள் என் கையிலதான் இருந்துச்சு. தமிழ்ல எழுதுனது, ஜப்பான்காரனுக்குப் படிக்கத் தெரியாது. அவரு பேருக்குப் பதிலா ஓடிப்போன வேற எவன் பேரையாவது சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு பேரா வாசிச்சேன். யாரும் குரல் குடுக்கல. அஞ்சு பேரு ஆச்சு, ஆறு ஆச்சு. சிப்பாய் என் சட்டக் காலரப் புடிச்சான். ஒம்போது ஆச்சு. ஒருத்தனும் இல்லன்னா என்னத்தான் லாரியில ஏத்துவான்னு தெரிஞ்சு போச்சு. யாராவது ஒருத்தன் ‘ஐயா’ன்னு சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு.”

“சார்,” என்று மரியம் டீச்சர் நோட்டை மூடினாள்.

“நான் சுப்பையன்னு கூப்புட்டேன். தெனம் பெரட்டுல கூப்புடற மாதிரியேதான் கூப்புட்டேன். தெனம் வாசிக்கிற அதே கிராணி, அதே கொரலு. அரிசிக்குத்தான் பேர் கூப்புடறாங்கன்னு வரிசையில எல்லாரையும் போல நெனச்சு அவரும் ‘ஐயா’ன்னாரு. சிப்பாய் என் காலர விட்டான்.”

மரத்தடியில் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. யாரும் அசையவில்லை. சீன மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இவர்கள் முகங்களைப் பார்த்து அவர்களும் அசையாமல் நின்றார்கள்.

ருக்மணி தூணின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள்.

“அவரு நிக்கிறது தெரிஞ்சேதான் வாசிச்சீங்க.”

“தெரிஞ்சேதான்.”

“நான் பெரட்டுக்குப் போகச் சொல்லாம இருந்தா?”

“லயத்துல இருந்திருப்பாரு. பொழச்சிருக்கலாம். ஆனா போகச் சொன்னது தப்பு இல்லம்மா. புருசன அரிசி வாங்கப் போகச் சொல்றதுல என்ன தப்பு இருக்கு. வாசிச்சதுதான் தப்பு.”

சேதுபதிக்கு இதைத் தாங்க முடியவில்லை. பதினாறு வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஆள். “அக்கா, அந்தக் காலத்துல யாருக்குத்தான் உசுரு மேல பயம் இல்ல. நாங்க ஒம்போது பேரு அவராலதான்...” என்று தொடங்கினான்.

“நீங்க உசுரோட இருக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி,” என்றாள் ருக்மணி. “நல்லா இருங்க. இப்ப கொஞ்சம் பேசாம இருங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான். சைக்கிள் கடை திறந்த நாளிலிருந்து அவன் இந்தக் கதையில் வாய் மூடியது அதுதான் முதல் தடவை.

கணேசமூர்த்தி கைகட்டி நின்றார். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், மண்ணை வாரித் தூற்றினால் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட ஆசைதான், ஆனால் இருந்தது.

ருக்மணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“நான் உங்கள என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல ஐயா. அத அப்புறம் பாத்துக்கறேன். எங்க வீடு இங்கதான், ரெண்டாவது லோரோங் சந்துல. மக வீட்டுலதான் இருக்கா. வாங்க.”

“எங்கிட்ட இருந்து கேக்கணுமா அவ? நீங்க சொன்னா போதாதா?”

“நான் சொன்னா நம்ப மாட்டா. அம்மா நமக்காகப் பொய் சொல்றான்னு நெனப்பா. வாசிச்ச வாயாலயே அவ கேக்கட்டும்.”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கணேசமூர்த்தி பின்னால் போனார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் அவர் கையைப் பிடிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. காலையிலிருந்து முப்பது பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு நடந்தவர், இப்போது ஒருத்திக்குப் பின்னால் ஒற்றை ஆளாகப் போனார்.

பலகை வீடு. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். ருக்மணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், சத்தம் நின்றது. ஒல்லியாக உயரமாக ஒரு பெண் கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து நின்றாள். யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை. மூன்று பாஷையில் பேசத் தெரிந்த மனுஷருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“இவருதான் எங்க தோட்டத்துக் கிராணி,” என்றாள் ருக்மணி. “உங்கப்பாவப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு. நின்னு கேளு.”

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கெட்ட சேதி வரும்போது தன் மேல்தான் வந்து விழும் என்று பழகியவள் அவள். அந்தப் பழக்கம் கண்ணிலேயே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு கணேசமூர்த்தி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.

“உன்னப் பாக்க வந்ததால உங்கப்பா சாகலம்மா,” என்று ஆரம்பித்தார்.